பொம்மக்காவும் திம்மக்காவும் யார் பெத்த பிள்ளைகள்? முத்துப்பட்டன் ஒலிநாடாக்களை முன்வைத்து

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. உள்ளே 43 கேசட்டுகள். கடற்காற்றுக்கு இரும்பே நிற்காத ஊர் மண்டைக்காடு, நாடா எம்மாத்திரம். சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கிறது. சிலவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் துண்டு கழன்று உள்ளே உருளுகிறது. நாகர்கோவிலில் பழைய சாமான் கடையில் வாங்கிய டேப் ரிக்கார்டருக்கு இரண்டு தடவை பெல்ட் மாற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படிச்சவன் செய்கிற வேலையா இது என்று வீட்டில் கேட்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியல் தாளில் 'பாடபேதம்' என்ற தலைப்பில் ஐந்து மார்க்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்த விஷயத்தை நான் உண்மையிலேயே படித்தது இந்தப் பெட்டிக்குள்தான்.

43-ல் நான்கைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். நான்கும் முத்துப்பட்டன் கதை, வில்லுப்பாட்டு. நான்கிலும் கதை வேறு வேறு.

அதற்கு முன்னால் கேசட் கடை. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் பத்து நாள் கூட்டம். கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கோவிலுக்குப் போகிற வழியில் கேசட் கடைகள் போட்டிருப்பார்கள். ஒரே பகவதி படம் போட்ட அட்டை, ஒரே மெட்டு. இந்தப் பக்கம் அடுக்கியிருப்பது மலையாளம், அந்தப் பக்கம் தமிழ். வாங்க வருகிறவர் வாயைத் திறந்ததும் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், கையை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு கிடந்த மண் இது. (நாஞ்சில் நாடு என்று வெளியூர்க்காரர்கள் மொத்த மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. மண்டைக்காடு கல்குளம் தாலுகா. இதையும் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.) அப்படி ஒரு ஜோடியைப் பின்னாளில் வாங்கிக் கேட்டேன். மலையாளத்தில் இருந்த ஒரு பாட்டு தமிழில் இல்லை. அந்த இடத்தில் வேறொரு பாட்டை வைத்திருந்தார்கள்.

இப்படி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிற இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' 1965-ல் இங்கிலாந்தில் 14 பாட்டுகளோடு வந்தது, அமெரிக்காவில் 12 பாட்டுகளோடு வந்தது. அந்தப் பன்னிரண்டிலும் இரண்டு இங்கிலாந்துத் தட்டில் இல்லாதவை. பாடியவர்கள் ஒன்று நினைத்து வரிசைப்படுத்த, விற்றவர்கள் வேறொன்று நினைத்துக் கலைத்தார்கள். சேகரிப்பாளர்களுக்கு இது ரசனை சார்ந்த காரியம். எந்தப் பாட்டு விடுபட்டது என்று கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம். எனக்கும் அந்தச் சந்தோஷம் தெரியும், மறைக்கவில்லை. ஆனால் நம்முடைய கதைகளில் விடுபடுவது பாட்டு மட்டும் கிடையாது.

எங்கள் பூட்டி 1936-க்கு முன்னால் இந்தக் கோவிலுக்குள் போனதில்லை. அந்த வருடம் நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் ராஜாவின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. அதுவரை எங்கள் ஆட்களுக்கு அம்மன் என்பது தூரத்தில் கேட்கிற சத்தம்தான். கால் போக முடியாத இடத்துக்குக் காது போயிருக்கிறது. எந்தத் தெருச் சத்தம் எந்தத் தெருக் காதில் விழுகிறது என்பது இந்த ஊரில் விளையாட்டுக் காரியமில்லை. 1982 மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்த ஊர். அந்தக் கலவரத்தை இந்து, கிறிஸ்தவர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து எழுதினார்கள். இரண்டு பக்கத்திலும் கடைசித் தெருவில் இருந்த நாங்கள் எந்தக் கணக்கில் வந்தோம் என்று ஒருவரும் எழுதவில்லை. அது தனிக் கட்டுரைக்குரிய சங்கதி. இப்போது வில்லுக்கு வருகிறேன்.

தெற்கே கொடை என்றால் வில்லு இல்லாமல் நடக்காது. வில், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம். நடுவில் புலவர், பக்கத்தில் பின்பாட்டு. ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடியப் படிப்பார்கள். எங்கள் பக்கம் பாட்டைப் 'படிக்கிறது' என்றுதான் சொல்வோம். இதைக் கேசட்டில் அடைக்க வேண்டும். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த இந்தச் சின்னப் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம், பெரிய நாடா என்றால் முக்கால் மணி நேரம். விடிய விடியப் படிக்கிற கதையை இரண்டு கேசட்டுக்குள் சுருட்டினால் எதையாவது வெட்டத்தான் வேண்டும். எதை வெட்டினார்கள்? வெட்டின பிறகும் எதைப் புதிதாகச் சேர்க்க இடம் கண்டுபிடித்தார்கள்? என்னுடைய விமர்சனம் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. முத்துப்பட்டன் பிராமண இளைஞன். பாபநாசம் மலைப்பக்கத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைப் பார்த்து மயங்குகிறான். தகப்பன் வாலப்பகடையிடம் பெண் கேட்கிறான். வாலப்பகடை ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, எங்களைப் போல் உடுத்து, செருப்புத் தைத்துக் காட்டு. பட்டன் அவ்வளவையும் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அந்த ஈரம் காய்வதற்குள் கொள்ளையர்கள் வாலப்பகடையின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போன பட்டன் வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். பெண்கள் இரண்டு பேரும் தீயில் இறங்குகிறார்கள். காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயனாக நிற்பவன் இவன்தான். இன்றைக்கும் அங்கே நேர்த்திக்கடனாகச் செருப்பு கொண்டுவந்து கட்டுகிறார்கள். தோல் செருப்பு படையலாக நிற்கிற கோவில் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார், மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சொல்கிற பகுதி பிற்காலத்தில் உயர்சாதியாரைச் சமாதானப்படுத்தச் செருகப்பட்டது என்று அவர் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கையில் இருந்தது ஏடும் எழுத்தும். யாருக்கு முன்னால், யார் கொடுத்த காசுக்கு, எந்தக் குரலில் அது படிக்கப்பட்டது என்பது ஏட்டில் இருக்காது. நாடாவில் இருக்கிறது.

முதல் நாடா கம்பெனி நாடா, இரண்டு பாகம். மண்டைக்காட்டுக் கொடைக் கடையில் அப்பா வாங்கியது. நல்ல தெளிவான பதிவு, நடுவில் கீபோர்டு சத்தம் வேறு. முதல் பாகம் ஏ பக்கத்தில் காப்பு, அவையடக்கம் முடிந்ததும் குழந்தைகள் காட்டில் கிடக்கிறார்கள். பட்டன் இன்னும் பிறக்கவேயில்லை, பெண்களின் குலம் தீர்ந்துவிட்டது! நோட்டில் நேரம் குறித்து வைத்திருக்கிறேன்: குழந்தைகள் கிடைத்த கதைக்கு 11 நிமிடம். செருப்புத் தைக்கிற காட்சிக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, ஒரே வசனத்தில் முடிந்துபோகிறது. இடம் போதவில்லை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. 11 நிமிடம் இருந்திருக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று? எல்லாமே கெட்டுப்போயிற்று. ஒரு சக்கிலியத் தகப்பன் ஒரு பிராமணனைப் பார்த்து 'என் மகள் வேண்டுமென்றால் உன் நூலை அறு' என்று சொல்வதுதான் இந்தக் கதையின் உயிர். அந்தப் பெண்கள் அவர் பெற்ற பிள்ளைகளாக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு வலு. அவர்கள் பிராமணப் பிள்ளைகள் என்று கேட்கிறவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டால், நூல் அறுப்பது ஒரு தெரியாத்தனம், செருப்புத் தைப்பது ஒரு திருவிளையாடல், வாலப்பகடை விஷயம் புரியாத ஒரு வளர்ப்புக்காரர். சாதி எங்கேயும் மீறப்படவில்லை. பிராமணன் பிராமணப் பெண்களைத்தான் கட்டியிருக்கிறான். கதை முழுக்க நடந்தும் ஒன்றுமே நடக்காமல் போகிறது.

இரண்டாவது நாடா வானொலியிலிருந்து யாரோ பிடித்தது. ஆரம்பமும் முடிவும் கிடையாது. சுத்தமான தமிழ், சாதிப் பெயர் வருகிற இடமெல்லாம் 'எளிய குலம்'. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது நாடா பாபநாசம் பக்கம் அருந்ததியர் தெரு ஒன்றில் கிடைத்தது. கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்கிற 2013-ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு கணக்கெடுப்புக்காகத் தெருத்தெருவாகப் போனோம். அப்போது ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளி ஒருவர் வீட்டில் டீ குடிக்கும்போது அலமாரியில் பார்த்தேன். அவருடைய தெருக் கொடையில் பதிந்தது. பேட்டரி இறங்கிப்போன ரிக்கார்டரில் பதிந்திருக்கிறார்கள் போல, போட்டால் எல்லாக் குரலும் கொஞ்சம் வேகமாக, கீச்சென்று வருகிறது. காட்டில் கிடந்த குழந்தைக் கதை அதில் கிடையாது. பெண்கள் வாலப்பகடையின் மகள்கள், முடிந்தது பேச்சு. செருப்புத் தைக்கிற காட்சி மட்டும் 20 நிமிடத்துக்கு மேல் போகிறது. தோலை ஊறவைப்பது, அறுப்பது, வார் கோப்பது என்று ஒவ்வொன்றாக வருகிறது. குடத்தில் அடிக்கிற சத்தத்தையே தோல் தட்டுகிற சத்தமாக மாற்றிவிடுகிறார்கள். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. குழந்தை ஒன்று இருமுவதுகூடக் கேட்கிறது. தொழில் தெரிந்தவர்கள் தொழிலைக் கேட்கிற மௌனம் அது. பட்டன் சரியாகத் தைக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எங்க பிள்ளைகள எங்க பிள்ளைன்னு சொல்லுத பாட்டு இது ஒண்ணுதான் தம்பி" என்றார் அந்தப் பெரியவர். நான் அங்கேயே உட்கார்ந்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி, எங்கள் பக்கத்தில் பல வருடம் மைக் செட் வைத்திருந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். கொடைகளில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து வில்லைப் பதிந்து வைப்பது அவர் பழக்கம். நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி 'இது திருநெல்வேலி வட்டாரப் பாடம், அது நம்ம வட்டாரப் பாடம்' என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "வட்டாரமாவது ஒண்ணாவது. கொடை நடத்துகது யாருன்னு பாத்துட்டுதான் புலவரு பிள்ளைய காட்டுல போடுவாரு. மேலத்தெருவுல ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை காட்டுல கெடக்கும். மறுவாரம் அதே புலவரு நம்ம தெருவுல படிக்கும்போ பிள்ளையும் இல்ல காடும் இல்ல."

என்னுடைய எம்.ஏ. பாடம் அந்த இடத்தில் முடிந்தது. வட்டார வேறுபாடு என்று நாம் எழுதிக்கொண்டிருப்பதில் ஒரு பெரிய பகுதி தெரு வேறுபாடு. வரைபடத்தில் ஊர்களுக்கு நடுவே கோடு போடுகிற ஆய்வாளர்கள் ஊருக்குள்ளேயே ஓடுகிற கோட்டைப் பார்க்கவில்லை. 'பாடபேதம்' என்பது ரொம்பச் சாதுவான சொல். யாரோ கைதவறி மாற்றி எழுதிவிட்ட மாதிரி ஒரு தொனி அதில் இருக்கிறது. இங்கே கை தவறவில்லை. தமிழில் 'பிரதி' என்றால் மூலத்தைப் பார்த்து எடுத்த நகல், இப்போது நம் விமர்சகர்கள் வாயில் அதுவே எழுத்தும் ஆகிவிட்டது. முத்துப்பட்டன் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு நகலும் தன் தெருவுக்கான எழுத்து. இதில் மேலத்தெருவின் நகல் மட்டும் அச்சு அட்டையோடு கடைக்கு வந்து 'முத்துப்பட்டன் கதை' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய அட்டையோடு அலமாரியில் கிடந்தது.

பீட்டர் மானுவல் 1993-ல் எழுதிய 'கேசட் கல்ச்சர்' புத்தகத்தில், வட இந்தியாவை முக்கியமாக வைத்து, கேசட் வந்த பிறகு ஒரே பெரிய இசைத்தட்டுக் கம்பெனியின் பிடி தளர்ந்து சின்னச் சின்ன ஊர்ப் பாட்டுகளெல்லாம் சந்தைக்கு வந்தன என்கிறார். மறுக்கவில்லை. கே.ஏ. குணசேகரன் குரலில் இன்குலாபின் 'மனுசங்கடா' கேசட்டில்தான் நம் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் சந்தைக்கு வந்த ஊர்ப் பாட்டில் ஊரின் எந்த முனை வந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இது முத்துப்பட்டனோடு நிற்கிற வியாதியும் இல்லை. மதுரைவீரனைக் காசி ராஜா மகனாக்கிக் காட்டில் போட்டவர்கள்தானே இவர்கள். 1956-ல் வந்த சினிமாவிலும் எம்.ஜி.ஆர். ராஜா வீட்டில் பிறந்து செருப்புத் தைக்கிற குடிசையில் வளர்கிறார். வளர்க்கிற சின்னானாகவும் செல்லியாகவும் நடித்தது நம்ம ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும். அதே கலைவாணர் 1949-ல் 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' காலட்சேபத்தில் நந்தன் கதையைப் புரட்டிப்போட்டவர். அவருடைய கிந்தன் தீக்குள் போகவில்லை, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கிந்தனுக்கு ஒரு ராஜா தகப்பன் தேவைப்படவில்லை. கதையை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். யார் பக்கம் மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

நான்காவது நாடா. எங்கள் தெருக் கொடையில் மைக் செட் அண்ணன் பதிந்து அப்பாவுக்குக் கொடுத்தது. நாங்கள் சாம்பவர். அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் 'பட்டன் கதை' என்று இருக்கிறது. அதன் ஏ பக்கத்தில் இப்போது 'மின்னலே' படப் பாட்டு இருக்கிறது.

அழிச்சது நான்தான். 2001. எனக்குப் பதினொரு வயது. வேறு நாடா வாங்கக் காசில்லை. பதிவை அழிக்க முடியாதபடி முதுகில் இருக்கிற இரண்டு பல்லையும் அப்பா உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சொல்லிக்கொடுத்தான். ரேடியோ பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அந்த ஏ பக்கத்தில்தான் வாலப்பகடை நிபந்தனை போடுகிற இடம் இருந்தது. மைக் செட் அண்ணன் மூல நாடாவில் பிறகு ஏதோ கட்சிக் கூட்டத்தைப் பதிந்துவிட்டார். ஆக எங்கள் தெருவில் அந்த நிபந்தனை எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்கு இனிச் சாட்சியில்லை. கம்பெனிக்காரனைக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்தவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பி பக்கம் இருக்கிறது. செருப்புத் தைக்கிற காட்சி பி பக்கம். பாபநாசம் பக்கத்து நாடாவைக் கேட்ட பிறகு இதைக் கேட்டதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. எங்கள் புலவர் அந்தக் காட்சியைக் கேலியாகப் படிக்கிறார். பட்டன் தோலை மோந்து பார்த்து மூக்கைப் பிடிக்கிறான், பின்பாட்டுக்காரர் ஓங்கரிக்கிறார், தெரு முழுக்கச் சிரிக்கிறது. அடக்க முடியாமல் சிரிக்கிறது. மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமுகிறார். அந்த இருமல் எனக்குத் தெரியும். அப்பா செத்து ஆறு வருடமாகிறது. அவர் சிரிப்பு பதிவாகியிருக்கிற ஒரே இடம் இந்த நாடாதான்.

மேலத்தெருக்காரன் பிள்ளையைக் காட்டில் போட்டான் என்று எழுத எனக்குக் கை கூசவில்லை. எங்கள் தெருவில் பிள்ளையைக் காட்டில் போடவில்லை, உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் தகப்பன் செய்த தொழிலைப் பார்த்து மூக்கைப் பிடித்தோம். பறையடித்த கை, செத்த மாடு தூக்கிய தோள், எங்களுக்கு அந்த வாடை புதுசா? தலித் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரும் வந்துவிட்டோம் என்று மேடையில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். இந்த பி பக்கத்தை மேடையில் போட்டுக் காட்ட நமக்குத் தைரியம் இருக்கிறதா? கம்பெனி நாடா செய்தது பெரிய அழிப்பு. இது சின்னதுதான். ஆனால் நம் வீட்டுச் சாமான்.

மூன்றாவது நாடாவையும் கோவிலில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. அதிலும் கடைசியில் பெண்கள் தீயில்தான் இறங்குகிறார்கள். அவ்வளவு நேரம் செருப்பைப் பற்றிப் பாடியவர்கள், பொம்மக்காவையும் திம்மக்காவையும் 'உங்களுக்குச் சம்மதமா' என்று ஒரு வரி கேட்கவில்லை. நான்கு நாடாவிலும் தேடிவிட்டேன். எந்தத் தெருப் புலவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. சாமியாகிச் செருப்பு வாங்கிக்கொள்கிறவனும் பட்டன்தான். மாட்டையும் மகள்களையும் மருமகனையும் பறிகொடுத்த வாலப்பகடை அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று நான் கேட்டவரை யாரும் படிக்கவில்லை. வானமாமலை தொடங்கி நம் முற்போக்கு எழுத்தாளர்கள் வரைக்கும் பட்டனைச் சாதி மறுத்த வீரனாகக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். நூலை அறுத்தவன் பட்டன், அறுக்கச் சொன்னது வாலப்பகடை. நான் சொன்னவருடைய கட்சி.

இன்றைக்குக் கைபேசியில் தேடினால் முத்துப்பட்டன் வில்லிசை நிறையக் கிடைக்கிறது. நான் கேட்டவற்றில் பெரும்பாலும் காட்டில் குழந்தைகள் கிடப்பதில்தான் ஆரம்பம். கம்பெனி நாடாவைக் கேட்டு வளர்ந்த புதுப் புலவர்கள், அதையே மூலம் என்று நினைத்து எங்கள் தெருக் கொடையிலும் அப்படியே படிக்கிறார்கள். போன வருடக் கொடையில் கேட்டேன். காசு கொடுத்தது நாங்கள்தான், ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை காட்டில் கிடந்தது. வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. பிள்ளைகளுக்கு வேறு கதை இருந்தது என்றே தெரியாது.

பரண்களிலும் மைக் செட் கொட்டகைகளிலும் இன்னும் நாடாக்கள் கிடக்கும். தோழர்கள் தங்கள் ஊரில் தேட வேண்டும். பூஞ்சை பூத்ததை அப்படியே போட்டுவிடாதீர்கள், நாடா அறுந்துவிடும். முதலில் பஞ்சால் துடைத்து, பென்சிலை விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எந்த ஊர் என்று எழுதினால் போதாது, எந்தத் தெருக் கொடை, யார் காசு என்றும் எழுதுங்கள்.

பாபநாசம் பெரியவர் அன்றைக்குப் பிரதி கொடுக்கும்போது ஒன்று கேட்டார். "ஒங்க தெரு நாடாவ எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடும் தம்பி. நீங்க எப்படிப் படிச்சியன்னு கேக்கணும்." சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தடவை போனில் ஞாபகப்படுத்தினார். நாடா கெட்டுப்போச்சு, சரிபண்ணிக்கிட்டிருக்கேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பி பக்கம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டும்.